இரண்டு ஜமாஅத், ஒரே கபுருஸ்தான்: ஜாவா கிராமத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பந்துல் என்பது இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், யோக்யகர்த்தா நகரத்துக்குத் தெற்கே உள்ள மாவட்டம். மண்பாண்டமும் மரச்சாமானும் வாங்கி அனுப்புகிற வேலைக்காக 2017 முதல் 2023 வரை அங்கே ஒரு கிராமத்தில் குடியிருந்தேன். என்.யூ., முஹம்மதிய்யா என்ற இரண்டு முஸ்லிம் அமைப்புகளின் ஆட்கள் ஒரே தெருவில் சேர்ந்து வாழ்கிற ஊர் அது. நமக்கு ராமநாதபுரம் கடற்கரை; ஷாஃபி மத்ஹப், அதாவது மார்க்கச் சட்ட வழிகள் நான்கில் ஒன்று. ஊர் திரும்பியதிலிருந்து பள்ளிவாசல் திண்ணையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதே கேள்விகள்தான். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் எட்டு ரக்அத்தா இருபதா என்று நம் ஊரிலும் சண்டை ஓடிக்கொண்டிருப்பதால் கேட்கிறவர்கள் குறையவே இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து எழுதிவிட்டேன்.

அங்க எல்லாரும் முஸ்லிம்தானே? ஊரே அரபு நாடு மாதிரி இருக்குமா?

சுமார் 28 கோடி மக்களில் ஏறக்குறைய 87 சதவீதம் முஸ்லிம்கள். ஆனால் அது முஸ்லிம் நாடு என்று அரசியல் சட்டத்தில் இல்லை. ஒரே இறைவன் என்பதை முதல் கொள்கையாகக் கொண்ட பஞ்சசீலம் என்ற ஐந்து கொள்கைகள்தான் அரசின் அடிப்படை. இஸ்லாம், புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கம், இந்து, பௌத்தம், கன்ஃபூசியம் என ஆறு மதங்களை அரசு ஏற்றிருக்கிறது.

அரபு நாடு மாதிரி இருக்காது. எங்கள் தெருவில் காலையில் பாங்கு கேட்கும், சாயங்காலம் காமெலான் இசை ஒத்திகை கேட்கும். இரண்டுக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்.

என்.யூ., முஹம்மதிய்யான்னு சொல்றீங்களே, அது கட்சியா, தரீக்காவா, மத்ஹபா?

கட்சியும் இல்லை, தரீக்கா என்ற சூஃபி வழியும் இல்லை, மத்ஹபும் இல்லை. இரண்டும் அமைப்புகள். முஹம்மதிய்யா 1912 நவம்பர் 18ஆம் தேதி யோக்யகர்த்தாவில் அஹ்மத் தஹ்லான் தொடங்கியது. தொழும்போது நோக்க வேண்டிய கிப்லாத் திசை சரியில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டியதற்காக அவருடைய சின்னத் தொழுகைக்கூடத்தையே இடித்தார்கள். அங்கிருந்து ஆரம்பித்தவர் பள்ளிக்கூடம், மருத்துவமனை, அனாதை இல்லம் என்று போனார். நஹ்தத்துல் உலமா, சுருக்கமாக என்.யூ., 1926 ஜனவரி 31 அன்று சுரபயாவில் தொடங்கியது. மூத்தவர் ஜொம்பாங் பக்கத்துத் தெபுஇரெங்கில் மதரஸா நடத்திய ஹாஷிம் அஷ்அரி. அப்போதுதான் சவூது குடும்பத்தின் கைக்கு மக்கா வந்திருந்தது. அங்கே நான்கு மத்ஹபுகளுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று கேட்க ஜாவா ஆலிம்கள் ஒரு குழு அமைத்தார்கள், என்.யூ. அதையொட்டிப் பிறந்தது.

தஹ்லானும் ஹாஷிம் அஷ்அரியும் மக்காவில் ஒரே உஸ்தாதிடம், அஹ்மத் கதீப் மினங்கபவியிடம், ஓதியவர்கள். என்.யூ. 1950களில் அரசியல் கட்சியாகவும் இருந்தது. 1984இல் சிதுபொண்டோ மாநாட்டில் அரசியலிலிருந்து விலகி, பஞ்சசீலத்தையும் அமைப்பின் அடிப்படையாக ஏற்றுக்கொண்டது.

ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? சுருக்கமா சொல்லுங்க பாய்.

அதிகாலை சுபுஹுத் தொழுகையில் குனூத் என்ற வேண்டுதலை ஓதுகிறவர்கள் என்.யூ.; ஓதாதவர்கள் முஹம்மதிய்யா. தராவீஹ் இருபது, எட்டு. வலிமார்கள், அதாவது இறைநேசர்கள், அடங்கிய கபுர்களுக்கு ஜியாரத், நபியைப் புகழ்ந்து ஓதும் மவ்லித், மௌத்துக்குப் பிந்தைய ஓதல் எல்லாம் என்.யூ.வில் உண்டு, முஹம்மதிய்யாவில் இல்லை. பெருநாளை என்.யூ.வினர் பிறை பார்த்து முடிவு செய்வார்கள், முஹம்மதிய்யாக்காரர்கள் கணக்கிட்டு முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். பட்டியலைப் பார்த்தாலே தெரியும், நம் ஊர்ச் சண்டைகள் எதுவும் இதில் விடுபடவில்லை.

அதற்காக முஹம்மதிய்யாவை நம் ஊர் தவ்ஹீத் அமைப்புகளோடு அப்படியே பொருத்திவிடக் கூடாது. சடங்கைச் சீர்திருத்துவது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. பெரும்பகுதி பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி. கிறித்தவர்கள் அதிகமுள்ள குபாங் நகரத்தில் முஹம்மதிய்யா நடத்தும் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான மாணவர்கள் கிறித்தவர்கள்.

கிராமத்துல இந்த அமைப்புகளுக்கு என்ன வேலை? போர்டு மாட்டி வச்சிருப்பாங்களா?

போர்டும் இருக்கும். இரண்டு அமைப்புகளும் கிராமக் கிளையை 'ரன்திங்' என்கின்றன. அந்தச் சொல்லுக்கு மரத்தின் சிறு கிளை என்றே பொருள். தலைநகரத்தில் என்ன தீர்மானம் போட்டாலும் இந்தச் சிறு கிளை வழியாகத்தான் அது வீட்டுக்குள் வர வேண்டும். வியாழன் இரவு என்.யூ. ஆண்கள் வீடு மாற்றி வீடு குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவார்கள். பெண்களுக்கென்று என்.யூ.வில் முஸ்லிமாத்தும், முஹம்மதிய்யாவில் 1917இலேயே தொடங்கிய ஐஷிய்யாவும் உண்டு. மழலையர் பள்ளிகளை நடத்துவது பெரும்பாலும் ஐஷிய்யாப் பெண்கள்தான்.

இதற்கெல்லாம் அடியில் அமைப்பு சாராத இன்னொரு அடுக்கு இருக்கிறது. நாற்பது, ஐம்பது வீட்டுக்கு ஒரு தெருக் குழு. அதன் பெயர் ருகுன் தெதங்கா, 'அண்டை வீட்டார் இணக்கம்' என்ற பொருளில். ராத்திரி காவல் முறை போட்டுச் சுற்றும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொங்கும் சின்னக் குவளையிலிருந்து ஒரு பிடி அரிசி எடுப்பார்கள். ஜிம்பித்தான் என்று பெயர். இப்போது அரிசிக்குப் பதில் ஐந்நூறு ரூபியா காசு. நம் ஊர் பிடியரிசி நினைவுக்கு வராதவர் இருக்க முடியாது. அந்தப் பணத்தில் தெருவிளக்கும், சாவு வீட்டுக்குப் பந்தலும் நாற்காலியும். குவளை யார் வீட்டில் தொங்குகிறது, அவர் எந்த அமைப்பு, எந்த மதம் என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டுக் குவளை தயிர் டப்பா. அதை வைத்துப் பல நாள் கிண்டல் செய்தார்கள்.

மௌத் வீட்டுல என்ன நடக்கும்? நாற்பதாம் நாள் பாத்திஹா மாதிரியா?

அதேதான், கொஞ்சம் கூடுதலாக. அடக்கம் ஆன அன்று இரவிலிருந்து ஏழு நாள் தஹ்லிலான். யாசீன், திக்ரு, 'லா இலாஹ இல்லல்லாஹ்' என்று சேர்ந்து சொல்வது, துஆ. பிறகு நாற்பது, நூறு, முதல் வருஷம், இரண்டாம் வருஷம், கடைசியாக ஆயிரமாவது நாள். ஆயிரமாவது நாளுக்கு ஆடு அறுக்கும் வீடுகளும் உண்டு. பாயை விரித்து ஆண்கள் சுவரோரமாக உட்காருவார்கள். ஓதி முடிக்க முக்கால் மணி நேரம். முடிந்ததும் ஒவ்வொருவர் முன்னாலும் மூங்கில் பின்னிய சதுரப் பெட்டி வரும்: சோறு, வறுத்த தேங்காய், கோழித் துண்டு, அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். அதற்குப் பெயர் பெர்கத்; அருள் என்ற பொருளுள்ள பரக்கத் என்ற சொல்தான் அப்படித் திரிந்திருக்கிறது. நம் ஊரில் ஓதி முடித்துக் கொடுக்கும் நார்சாவின் ஜாவாத் தம்பி. அங்கேயே சாப்பிட மாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் பிள்ளைகள் தூங்காமல் காத்திருக்கும்.

செலவுதான் இதில் நோவு. ஏழை வீடுகள் ஆயிரமாவது நாளுக்குக் கடன் வாங்குவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முஹம்மதிய்யாக்காரர்கள் இதை எதிர்ப்பதற்கு மார்க்கக் காரணத்தோடு இதுவும் ஒரு காரணம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவில் என்.யூ. பெரியவரே முன்வந்து, கோழி வேண்டாம், முட்டையும் சோறும் போதும் என்று சொன்னார். மீறி யாரும் கோழி வைத்தால் அடுத்த வீட்டுக்காரன் மனது கஷ்டப்படும் என்பது அவர் வாதம்.

பாத்திஹா கூடாதுங்கிறவர் அந்தச் சோத்தை வாங்குவாரா?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறீர்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் முஹம்மதிய்யா பள்ளியில் கணக்கு வாத்தியார். எதிர் வீட்டில் மௌத். முதல் நாள் அவர்தான் கபுர் தோண்ட மண்வெட்டியோடு முதலில் வந்தார். இரவு தஹ்லிலானுக்கு உள்ளே வரவில்லை. வாசலில் பைக் நிறுத்துவதை ஒழுங்குபடுத்திக்கொண்டு, டீ டம்ளர் தட்டைக் கைமாற்றிக்கொண்டு, ஓதி முடியும்வரை வெளியே நின்றார். 'உள்ளே வாங்க' என்று யாரும் இழுக்கவில்லை. 'ஏன் ஓதறீங்க' என்று அவரும் கேட்கவில்லை. கிளம்பும்போது அவர் கையிலும் ஒரு பெட்டி. வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கேட்டேன். 'ஓதுவதற்கு எனக்கு ஆதாரம் இல்லை, அண்டை வீட்டுச் சோற்றை மறுப்பதற்கும் ஆதாரம் இல்லை' என்றார். இதே ஊரில் பெட்டியை வாங்க மறுத்தவர்களும் உண்டு. புதிதாக வந்த ஸலஃபி வகுப்புக்குப் போகும் இரண்டு இளைஞர்கள் மறுத்தார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை, ஆனால் அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக் கூரை மாற்றும்போது உதவிக்கு வந்த கைகள் குறைவு.

பெருநாள் ரெண்டு நாள் வந்தா அடிதடி வராதா?

2023இல் நான் அங்கே இருந்தேன். முஹம்மதிய்யாவுக்கு ஏப்ரல் 21 வெள்ளிக்கிழமை பெருநாள். அரசும் என்.யூ.வும் 22 சனிக்கிழமை. வெள்ளி காலை கணக்கு வாத்தியார் குடும்பத்தோடு மைதானத்துத் தொழுகைக்குப் போனார். எங்களுக்கு முப்பதாவது நோன்பு. அவர் வீட்டில் கோழி ஓபோர், தேங்காய்ப்பால் குழம்பு, கொதிக்கும் வாசம் வேலி தாண்டி வந்தது. அன்று அவர்கள் ஜன்னலை மூடியே வைத்திருந்தார்கள். பிள்ளைகளைப் புதுச்சட்டையோடு தெருவில் ஓடவிடவில்லை. சலாம் சொல்லி வீடு வீடாகப் போகும் வழக்கத்தைச் சனிக்கிழமைக்கு ஒத்திவைத்தார்கள், எல்லாருக்கும் சேர்ந்து. வெள்ளி இரவு எங்கள் தக்பீர் ஒலிபெருக்கியில் போனபோது அவர் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லா வருஷமும் இவ்வளவு அழகாக இராது. தொலைக்காட்சியில், சமூக ஊடகங்களில் வார்த்தை தடித்த வருஷங்கள் உண்டு. ஆனால் கிராமத்தில் பெருநாளுக்குப் பிறகு 'ஹலால் பிஹலால்' என்று ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரே தேதிதான், ஒரே பந்தல்தான்.

மிதவாதம்னா மார்க்கத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிறதுதானே?

கணக்கு வாத்தியார் குனூத் ஓதியதில்லை, எதிர் வீட்டுக்காரர் தஹ்லிலானை விட்டதில்லை. இரண்டு பேரும் எதைக் குறைத்தார்கள்? 'நடுநிலைச் சமுதாயம்' என்ற குர்ஆன் வார்த்தையை, 2:143, இரு அமைப்புகளும் எடுத்துக்காட்டுகின்றன. அடுத்தவனை மார்க்கத்திலிருந்து வெளியேற்றாமல் தன் மார்க்கத்தில் உறுதியாக இருப்பது என்று பொருள் கொள்கிறார்கள். என்.யூ. 2015 ஜொம்பாங் மாநாட்டில் 'இஸ்லாம் நுசாந்தரா' என்று, அதாவது இந்தத் தீவுக்கூட்டத்தின் மண்ணில் ஊறிய இஸ்லாம் என்று, பேசியது. அதே ஆண்டு மகாசர் மாநாட்டில் முஹம்மதிய்யா 'முன்னேறும் இஸ்லாம்' என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் மாதிரிதான் இருக்கும்.

அரசும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. மத விவகார அமைச்சகம் 'மொடராசி பெராகாமா', மதத்தில் மிதவாதம், என்று 2019இல் ஒரு புத்தகம் வெளியிட்டு, பிறகு அதை ஐந்தாண்டுத் திட்டத்திலும் சேர்த்தது. நாட்டுக்கு உறுதி, சகிப்பு, வன்முறை மறுப்பு, உள்ளூர் மரபை ஏற்பது என்று நான்கு அளவுகோல். அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி, கிராமங்களுக்கு விருது, பேனர். எங்கள் ஊர் மண்டபத்திலும் ஒரு பேனர் வந்தது. அதன் கீழே உட்கார்ந்தவர்கள் ஏற்கெனவே ஒருவர் கபுரை ஒருவர் தோண்டிக்கொண்டிருந்தவர்கள். பேனர் வந்ததால் என்ன மாறியது என்று கேட்டால், மண்டபத்தில் வெயில் கொஞ்சம் குறைந்தது.

குதுஸ்ல முஸ்லிம்கள் மாட்டை அறுக்க மாட்டாங்களாமே, நிஜமா?

நிஜம். நடு ஜாவாவில் உள்ள குதுஸ் நகரம் வலி சங்ஙா எனப்படும் ஒன்பது வலிமார்களில் ஒருவரான சுனன் குதுஸ் அடங்கிய ஊர். அவருடைய பள்ளிவாசலின் செங்கல் கோபுரம் அந்தக் காலத்து இந்துக் கோயில் கட்டுமானத்தை ஒத்தது. பள்ளிவாசல் கல்வெட்டில் உள்ள ஆண்டு 1549. அங்கிருந்த இந்துக்களின் மனம் நோகாதிருக்க மாடு அறுக்க வேண்டாம் என்று அவர் சொன்னதாக ஊர்க்கதை. கதை எப்படியோ, பழக்கம் இன்றும் இருக்கிறது. சூப்பிலும் சாத்தேயிலும் எருமை இறைச்சி. ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானியும் பெரும்பாலும் எருமை அல்லது ஆடு. நான் சரக்கு எடுக்கப் போன ஒவ்வொரு தடவையும் சோத்தோ எனப்படும் எருமை சூப் சாப்பிட்டேன். மாட்டைவிட நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

கிறிஸ்துமஸ்ஸுக்கு முஸ்லிம் பையன்கள் சர்ச்சுக்குக் காவல் நிக்கிற போட்டோ வருது. போட்டோவுக்குத்தானா?

சிலர் போட்டோவுக்கும் நிற்பார்கள். ஆனால் அதற்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது. என்.யூ.வின் இளைஞர் அணியான அன்சோரின் தொண்டர் படை பன்செர். 2000 டிசம்பர் 24 இரவு மோஜோகெர்தோவில் எபன் ஹேசர் தேவாலயத்தில் காவல் நின்ற ரியாந்தோ என்ற பன்செர் இளைஞர், குண்டு இருந்த பையை வெளியே எடுத்துக்கொண்டு ஓடி, அது வெடித்து இறந்தார். அந்த இரவில் பல ஊர்களில் தேவாலயங்களில் குண்டு வெடித்தது.

அப்ப சர்ச் கட்ட அங்க ஒரு தொந்தரவும் இல்லையா?

இருக்கிறது, நிறைய. 2006இல் இரண்டு அமைச்சகங்கள் சேர்ந்து போட்ட விதிப்படி, புதிய வழிபாட்டிடம் கட்ட அதைப் பயன்படுத்தும் 90 பேரின் பெயரும் அடையாள அட்டையும் வேண்டும், அந்த வட்டாரத்தில் 60 பேரின் ஆதரவும் வேண்டும். எல்லா மதத்துக்கும் பொது விதிதான். ஆனால் எங்கே யார் சிறுபான்மையோ அவர்களுக்குத்தான் அது சுவர். முஸ்லிம்கள் குறைவாக உள்ள பகுதிகளில் பள்ளிவாசலுக்கும் இதே சிக்கல்.

என் மாவட்டத்தையே சொல்கிறேன். முஸ்லிம் அல்லாதவர் குடியேறக் கூடாது என்று ஒரு குக்கிராமம் விதி எழுதி வைத்திருந்தது. 2019இல் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் வாடகைக்கு வந்தபோது அது வெளியே தெரிந்து, பெரிய சத்தமாகி, விதியை நீக்கினார்கள். அதற்குச் சில மாதம் முன்னால் யோக்யகர்த்தாவின் கோட்டகெடேயில் ஒரு கத்தோலிக்கர் கல்லறையில் நட்ட சிலுவையின் மேல்பகுதி அறுக்கப்பட்டது. முன்பு சொன்ன தெருக் குழு என்ற அடுக்கு இருக்கிறதே, அது இரண்டு பக்கமும் வெட்டும். யாருக்குப் பந்தல் போடுவது என்று அது முடிவு செய்வது போலவே, யார் உள்ளே வரலாம் என்றும் முடிவு செய்யப் பார்க்கும். இந்த இடத்தில்தான் அமைப்புகளின் கிளைக்காரர்கள் சத்தம் போட வேண்டும். சில ஊரில் போடுகிறார்கள், பல ஊரில் அக்கம்பக்கத்தாரின் முகத்துக்காகச் சும்மா இருக்கிறார்கள்.

அஹ்மதிய்யா, ஷியாக்காரங்களுக்கும் இந்த நடுநிலை உண்டா?

குறைவு. 2011 பிப்ரவரியில் பந்தென் மாகாணம் சிகெஉசிக்கில் அஹ்மதிய்யா பிரிவினர் மூவரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. 2012இல் மதுராத் தீவின் சம்பாங்கில் ஷியாக் கிராமத்தைத் தாக்கி வீடுகளை எரித்ததில் நூற்றுக்கணக்கானோர் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. மதுரா என்.யூ. வேரோடிய தீவு. என்.யூ. தலைவர்கள் ஜகார்த்தாவில் பேசுவதும் உள்ளூர் கியாய்மார்கள், அதாவது மதரஸா ஹஜ்ரத்மார்கள், பேசுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. 'பெரிய கிளை, சிறு கிளை' உவமையின் பலவீனம் இதுதான்.

இவங்க எப்பவுமே இப்படிச் சாதுவா இருந்தவங்களா?

இல்லை. 1965, 66இல் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டபோது, கிழக்கு ஜாவாவில் ராணுவத்தோடு சேர்ந்து கொன்றவர்களில் அன்சோர் இளைஞர்கள் இருந்தார்கள். ஆமாம், மேலே தேவாலயத்துக்குக் காவல் நின்றதாகச் சொன்ன அதே அன்சோர். ஹாஷிம் அஷ்அரியின் பேரன் அப்துர்ரஹ்மான் வாஹித் ஜனாதிபதியாக இருந்தபோது, 2000இல், என்.யூ.வினர் செய்ததற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அமைப்புக்குள்ளேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் வயதானவர்கள் அந்த வருஷங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் டீ ஊற்றப் போய்விடுவார்கள்.

காபிர்னே சொல்லக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்களாமே?

பாதி சரி. 2019இல் மேற்கு ஜாவாவின் பஞ்சாரில் கூடிய என்.யூ. ஆலிம்கள் கூட்டம் சொன்னது: நாட்டின் குடிமக்கள் என்ற வகையில் முஸ்லிம் அல்லாதவர்களை அந்தச் சொல்லால் அழைக்க வேண்டாம், அவர்கள் 'முவாதின்', சக குடிமக்கள். குர்ஆனிலிருந்து சொல்லை நீக்குவதாகவோ அகீதாவை, அதாவது அடிப்படை நம்பிக்கையை, மாற்றுவதாகவோ இல்லை. முஹம்மதிய்யாவிலும் வெளியிலும் இதற்கு எதிர்ப்பு வந்தது. தேர்தல் நேரம் வேறு, சூடு இன்னும் ஏறியது.

அரசாங்கத்தோட இவ்வளவு ஒட்டியிருந்தா நேர்மையா பேச முடியுமா?

கஷ்டம்தான். 2024இல் மத அமைப்புகளுக்குச் சுரங்க உரிமம் தரலாம் என்று அரசு விதியைத் திருத்தியது. என்.யூ. உடனே சரி என்றது, முஹம்மதிய்யா சில வாரம் யோசித்துச் சரி என்றது. இரு அமைப்பிலும் இளைஞர்கள் பலர் எதிர்த்து எழுதினார்கள். நிலக்கரி தோண்டுகிறவன் பக்கத்துக் கிராமத்தின் தண்ணீரைப் பற்றி எப்படிக் குத்பா சொல்வான் என்று ஒரு நண்பர் எனக்கு எழுதினார். அவர் என்.யூ. கிளைச் செயலாளர்.

சந்த்ரி தமிழ் வார்த்தையாமே?

மதரஸா மாணவரை ஜாவாவில் சந்த்ரி என்பார்கள். அது தமிழிலிருந்து வந்தது, 'ஓதிக்கொடுப்பவர்' என்று பொருள் என அங்குள்ள பல கட்டுரைகளில் எழுதுகிறார்கள். அப்படியொரு தமிழ்ச் சொல்லை நான் கேட்டதில்லை, கேட்டவர்கள் சொல்லுங்கள். 'சாஸ்திரி' என்பதிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு, எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா?

நாம் இரண்டு பள்ளிவாசல் ஆகிவிட்டோம். அவர்கள் எத்தனை பள்ளிவாசல் ஆனாலும் சாவுக்கும் காவலுக்கும் ஒரே தெருக் குழுதான். நம்மிடம் இல்லாதது அந்த அடுக்கு. அதை உருவாக்கு என்றால் எனக்கும் தெரியாது. ஆகவே பெரிதாக எதையும் கேட்காமல், போன வருஷம் இரண்டு பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் ஒன்றே ஒன்று கேட்டேன். மய்யித்தைத் தூக்கும் சந்தூக் எந்தப் பள்ளிவாசலுடையதாக இருந்தாலும், யார் வீட்டு மௌத்தாக இருந்தாலும் கேட்டவுடன் கொடுப்பது.

ஒருவர் அன்றைக்கே சரி என்றுவிட்டார். மற்றவர் கமிட்டியில் வைத்துச் சொல்கிறேன் என்றார். கமிட்டி இன்னும் கூடவில்லை.